நன்னடை யார் கடன்?

அந்தத் தாழ்வாரத்தில் கிடந்த இரண்டு பெஞ்சுகளிலும் பெண்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். இளைஞர் நீதிக் குழுமம் கூடும் நாள். மகனுக்காக வந்த அம்மாக்கள், பேரனுக்காக வந்த ஒரு பாட்டி, தம்பிக்காகக் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வந்த ஓர் அக்கா. அப்பா என்று வந்திருந்தவர் ஒரே ஒருவர். அவரும் அரை மணி நேரத்தில் டீக்கடைப் பக்கம் போய்விட்டார். உள்ளேயிருந்து கூப்பிடுவது பையனின் பெயரை. எழுந்து ஓடுவது அம்மா.

நான் எங்கள் கல்லூரி விடுதியின் சமையற்கூடத்தில் வேலை பார்க்கும் அக்காவுடன் போயிருந்தேன். அவருடைய பெயரையும் ஊரையும் எழுதப்போவதில்லை. வழக்கில் சிக்கிய குழந்தையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. அந்தச் சட்டத்தில் நான் மதிக்கும் பிரிவுகளில் அது ஒன்று. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு வியாழக்கிழமை இரவு அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பைக் திருட்டு. கூடப் பிடிபட்ட இரண்டு பேரும் பெரியவர்கள். "வயசு என்னன்னு யாரோ கேட்டாங்க மேடம். பத்தொன்பது இருக்கும்னு பக்கத்துல நின்னவரு சொன்னாரு. எழுதிக்கிட்டாங்க. நான் அப்ப ஸ்டேஷன் வாசல்ல நின்னேன்." பையனுக்குப் பதினாறு முடிந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்து டி.சி. வீட்டில் ட்ரங்குப் பெட்டியில் இருந்தது. அந்தத் தாளுக்கு அவ்வளவு பலம் உண்டு என்று அக்காவுக்கு யாரும் சொல்லவில்லை. பெரியவர்களோடு சேர்த்து அவனையும் கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள். ஆறு இரவுகள்.

சட்டம் என்ன சொல்கிறது? 18 வயது நிறையாத பிள்ளையை எந்தச் சூழ்நிலையிலும் காவல் நிலையக் கொட்டடியிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயதில் ஐயம் என்றால் முதலில் பார்க்க வேண்டியது பள்ளிச் சான்றிதழ். அது இல்லையென்றால் உள்ளாட்சி அமைப்பு தந்த பிறப்புச் சான்றிதழ். இரண்டும் இல்லாதபோதுதான் எலும்புப் பரிசோதனை. அக்காவிடம் முதல் சான்று இருந்தது. நீதிமன்ற வாசலில் ஓர் ஆள் "வயசை நிரூபிச்சுத் தரேன்" என்று எட்டாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டார். தோடு அடகுக்குப் போனது.

பிறகு பையன் கூர்நோக்கு இல்லத்துக்கு மாற்றப்பட்டான். அந்த இல்லம் எல்லா மாவட்டத்திலும் இல்லை. மூன்று பேருந்து மாறிப் போக வேண்டும். சில நாளில் ஜாமீன் கிடைத்தது. ஆனால் சொத்து உள்ள இரண்டு பேர் ஜாமீன்தாரராக வர வேண்டும் என்று நிபந்தனை. வாடகை வீட்டில் இருக்கும் விதவைக்குச் சொத்துள்ள இரண்டு சொந்தக்காரர்கள் எங்கிருந்து கிடைப்பார்கள்? உத்தரவு கையில் இருந்தும் மேலும் இருபது நாள் பையன் உள்ளேயே கிடந்தான். ஜாமீன் நிபந்தனையை ஏழு நாளுக்குள் நிறைவேற்ற முடியாவிட்டால் குழந்தையைத் திரும்பக் குழுமத்தின் முன் கொண்டுவந்து நிபந்தனையை மாற்ற வேண்டும் என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளைகளை நினைத்தே எழுதிய வரி போல இருக்கிறது. அதை எடுத்துச் சொல்ல அக்காவின் பக்கத்தில் ஆள் இல்லை.

நான் எங்கே இருந்தேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். முதல் வாரத்திலேயே அக்கா என்னிடம் வந்தார். நான் கேட்ட முதல் கேள்வி: "சகவாசம் சரியில்லையா அக்கா?" கேட்டுவிட்டு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தேன். நல்ல காரியம் செய்த நிறைவோடு வகுப்புக்குப் போனேன். அன்றைக்கு நடத்தியது பெண்ணிய இலக்கியத் திறனாய்வு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதற்கு இரண்டு வருடம் முன்பு, பதினேழு வயதில், என் மகன் என் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் சைக்கிளில் வந்த ஒருவரை இடித்தான். அவருக்குக் கை எலும்பு முறிந்தது. எட்டரை மணிக்கு ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வந்தது. என்னிடம் படித்து வழக்கறிஞரான மாணவியை அழைத்தேன். பத்து மணிக்கு அவன் வீட்டில் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சைக்கிள்காரரின் மருத்துவச் செலவைக் கொடுத்தோம், முடிந்தது. "பசங்கன்னா அப்படித்தான் மேடம்" என்று ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, வயது நிறையாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அந்த வழக்கில் நான் இரண்டுமாக இருந்தேன். என் வளர்ப்பைப் பற்றி யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. அக்காவின் மகனுக்குத் தறுதலை என்று பெயர். என் மகனுக்குப் பசங்க என்று பெயர்.

அந்த மாணவியின் எண் என் கைப்பேசியில் அப்போதும் இருந்தது. அக்காவுக்குப் பணத்தைக் கொடுத்த நான் அந்த எண்ணைக் கொடுக்கவில்லை.

*

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்கிறோம். தறியில் உட்கார்ந்தவனையும் நூலுக்குக் கூலி கொடுக்காதவனையும் அந்தப் பழமொழி கேட்பதில்லை. சேலை கிழிந்தால் பழி நூலுக்கு. நம்முடைய இளைஞர் நீதி நடைமுறையும் இந்தப் பழமொழியின் மேல்தான் நிற்கிறது. வயதை மெய்ப்பிக்கத் தாய் வேண்டும். ஜாமீனுக்குக் கையெழுத்திடத் தாய் வேண்டும். நன்னடத்தை அலுவலரின் சமூகப் பின்னணி அறிக்கைக்குத் தாய் வேண்டும்: வீட்டில் யார் யார், வருமானம் எவ்வளவு, யாருக்கு என்ன பழக்கம், யாரோடு யாருக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரத் தாய் வேண்டும். பிள்ளை தவறு செய்தான் என்று முடிவானால் அபராதத்தைப் பெற்றோர் கட்டும்படி உத்தரவிடவும் 18-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அப்பா குடித்தே செத்தாலும் விட்டுவிட்டுப் போனாலும் இந்த வேலைகளில் ஒன்றும் குறையாது. அத்தனையும் கூலியில்லாத வேலை. அந்த நாள்களின் கூலி மட்டும் பிடிக்கப்படும்.

தாய் இல்லாமல் ஓர் அடி நகராத இந்த நடைமுறையில் தாயின் பக்கத்தில் உட்கார ஒருவரும் இல்லை. அவள் சாட்சி போலவும் நடத்தப்படுகிறாள், குற்றவாளி போலவும் நடத்தப்படுகிறாள். உரிமையுள்ளவளாக நடத்தப்படுவதில்லை.

உரிமை இருக்கிறதா? இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம், 12-ஆம் பிரிவு. இலவச சட்ட உதவி யாருக்கு என்ற பட்டியலில் பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. பெண் என்பது ஒன்றே போதும். பிள்ளைக்குப் பிள்ளை என்பதால் உரிமை. அம்மாவுக்குப் பெண் என்பதால் உரிமை. தோடு அடகுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவோ, குழந்தைக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வதையும், ஒவ்வொரு கட்டத்திலும் குழந்தையும் பெற்றோரும் விவரம் அறிந்து பங்கேற்பதையும் குழுமத்தின் பொறுப்பாகவே வைத்திருக்கிறது. அதைக் கெஞ்சிக் கேட்க வேண்டிய தேவை எந்தத் தாய்க்கும் இல்லை.

புறநானூற்றின் 312-ஆம் பாட்டைப் பாடிய பொன்முடியார் ஒரு பெண். பிள்ளையை முன்வைத்துக் கடமைகளைப் பங்கிடும் பாட்டு அது. பெற்று வளர்ப்பது தாயின் பங்கு. தந்தைக்கு ஒரு பங்கு, கொல்லனுக்கு ஒரு பங்கு. நல்ல நடத்தையைத் தருவது வேந்தனின் பங்கு. அந்த இடத்தில் பாட வேறுபாடு உண்டு. நிலம் என்று பொருள் கொள்வோரும் இருக்கிறார்கள். எனக்கு இரண்டு பாடமும் சம்மதம். நடத்தை என்றாலும் நிலம் என்றாலும் கொடுக்க வேண்டியவன் வேந்தன்தான். போருக்குப் பிள்ளையைக் கேட்கும் பாட்டு அது, எனக்கு அதோடு சண்டை உண்டு. ஆனால் பிள்ளையின் நடத்தைக்குத் தாய் மட்டும் பொறுப்பு என்று அந்தப் பழைய பாட்டுகூடச் சொல்லவில்லை. நாம் சொல்கிறோம். அரசின் கடன் அக்காவின் கடனாகிவிட்டது. வட்டிக்கு வாங்கிய கடன்.

*

அக்கா வைத்திருந்த ஜாமீன் உத்தரவு ஆங்கிலத்தில் இருந்தது. இருபது வருடமாகத் தமிழ் நடத்தும் நானே இரண்டு முறை படித்துத்தான் புரிந்துகொண்டேன். தமிழில் இருந்த தாள்களும் மேலாக இல்லை. "ஆஜர்படுத்தப்பட்டு", "நீதிமன்றக் காவலில் வைக்கப்பட்டு" என்று எல்லாமே செயப்பாட்டு வினை. செய்தவர் யார் என்பது அந்த வாக்கியங்களில் இல்லை. அக்காவின் பேச்சில் எல்லாவற்றுக்கும் எழுவாய் இருக்கிறது: அவர் வந்தார், இவர் அடித்தார், அவர் எழுதிக்கொண்டார். தேவைப்பட்டால் குழந்தைக்கு மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று 8-ஆம் பிரிவில் இருக்கிறது. சட்டத் தமிழிலிருந்து சமையற்கூடத் தமிழுக்கும் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். சட்ட உதவி என்று நான் சொல்வதில் பாதி இதுதான். உள்ளே போய் வாதாடுவது மீதிப் பாதி.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். பிணையில் வரக்கூடிய குற்றமோ இல்லையோ, குழந்தையை ஜாமீனில் விட வேண்டும் என்பது விதி. மறுக்க மூன்றே காரணங்கள்: குற்றவாளிகளோடு சேர்ந்துவிடும் என்ற நிலை, ஒழுக்க ரீதியாகவோ உடல் ரீதியாகவோ மன ரீதியாகவோ ஆபத்து, நீதியின் நோக்கமே கெட்டுவிடும் என்ற நிலை. இதில் 'ஒழுக்கம்' என்ற ஒரு சொல் போதும், ஒரு பெண்ணை உள்ளேயே வைத்திருக்க. பையன் ஊர் சுற்றினால் சேர்க்கை சரியில்லை என்பார்கள். பெண் ஊர் சுற்றினால் அவளே சரியில்லை. அவளைக் கூட்டிப்போக வந்த தாயிடம் ஜாமீன் பற்றிப் பேசுவதற்கு முன் மகளின் மாதவிடாய் பற்றியும் காதல் பற்றியும் கேட்டதை அதே பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் இருந்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது.

*

இந்தக் கட்டுரையின் முதல் வடிவத்தைப் படித்த தோழி ஒருத்தி கேட்டாள்: "திருட்டு சரி. அந்தப் பையன் ஒரு பெண்ணைச் சிதைத்திருந்தால்? அப்போதும் இப்படித்தான் எழுதுவாயா?" நியாயமான கேள்வி. 2012 டிசம்பரில் டெல்லியில் நடந்ததற்குப் பிறகு நம்மில் பலரையும் பிரித்த கேள்வி. அந்த வழக்கில் ஒருவனுக்கு 18 நிறையவில்லை. அந்தக் கோபத்தில்தான் 2015 சட்டம் பிறந்தது: 16 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் மீது கொடுங்குற்றம், அதாவது குறைந்தபட்சம் 7 ஆண்டு தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டால், அவரைப் பெரியவராக விசாரிக்கலாமா என்று குழுமம் முதற்கட்ட மதிப்பீடு செய்ய வேண்டும். இந்த 15-ஆம் பிரிவு நிதானத்தோடு கையாள வேண்டிய ஒன்று என்று உச்ச நீதிமன்றமே 2022-இல் சொல்லியிருக்கிறது.

என் பதில் இது. ஒருமுறை அந்தத் தாழ்வாரத்தில் இரண்டு தாய்மார் எதிரெதிர் பெஞ்சில் இருந்தார்கள். ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவனின் தாய், மற்றவர் பாதிக்கப்பட்ட சிறுமியின் தாய். யார் பக்கத்தில் உட்காருவது என்று தெரியாமல் நான் வெளியே போய் நின்றேன். அந்தச் சிறுமியின் வலியை எந்தச் சட்ட உதவியாலும் ஈடுகட்ட முடியாது. ஆனால் அவளுடைய தாய்க்கும் வழக்கறிஞர் இல்லை என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அதே 12-ஆம் பிரிவு அவருக்கும் உண்டு. ஒரு தாயின் வழக்கறிஞரைப் பிடுங்கி இன்னொரு தாய்க்கு நீதி கொடுக்க முடியாது. இருவரையும் வெறுங்கையோடு உட்கார வைத்துவிட்டு நம்மை ஒரு பக்கம் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அரசு. அந்தத் தேர்வை நான் ஏற்கவில்லை.

கொடுங்குற்றம் என்ற சொல்லுக்குள் வேறு பிள்ளைகளும் விழுகிறார்கள். பதினேழு வயதுப் பையனும் பதினாறு வயதுப் பெண்ணும் விரும்பி ஓடிப்போனால், 18-க்குக் கீழே சம்மதம் செல்லாது என்பதால் போக்சோ. குறைந்தபட்சத் தண்டனை 10 ஆண்டு என்பதால் கொடுங்குற்றம். சாதி மாறிக் காதலித்த மகளைத் திருப்பிக் கொண்டுவரப் புகார் கொடுக்கும் அப்பாக்களை நாம் அறிவோம். பெண்ணைக் காக்க எழுதிய சட்டம் சாதியைக் காக்கப் பயன்படுகிறது. அந்தப் பையனின் தாய், பெரும்பாலும் கீழே வைக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர், தாழ்வாரத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் உட்காராத பெண்ணியம் யாருடைய பெண்ணியம்?

உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். 2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டு அரசினர் கூர்நோக்கு இல்லத்தில் இருந்த 17 வயதுச் சிறுவன் இறந்தான். ரயில்வே பேட்டரி திருடியதாக அவன் மீது வழக்கு. அடித்துக் கொன்றதாக அந்த இல்லத்தின் பணியாளர்கள் ஆறு பேர் கைதானார்கள். அதன் பிறகுதான் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவைக் கொண்டு ஒரு நபர் குழு அமைத்தது அரசு. அவர் இல்லங்களைப் பார்த்து 2023-இல் அறிக்கை தந்தார். இந்தியாவிலேயே முதன்முதலில், 1920-இல், குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் செய்த மாகாணம் நம்முடையது. நூறு வருடப் பெருமைக்குப் பிறகு ஒரு தாய்க்கு மகனை உடலாகத்தான் திருப்பிக் கொடுத்தோம்.

*

கேட்க வேண்டியவை அதிகமில்லை. சட்ட உதவி குழுமத்தின் மேசையில் தொடங்கக் கூடாது, காவல் நிலைய வாசலில் தொடங்க வேண்டும். வயது எழுதப்படும் அந்த நிமிடத்தில் வழக்கறிஞர் இருக்க வேண்டும். இது புதிய கோரிக்கையும் அல்ல: கைதுக்கு முன்னும் கைதின்போதும் உதவ தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2019-இலேயே நடைமுறை வகுத்திருக்கிறது. வழக்கறிஞர் கூப்பிடுகிற நேரத்தில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகாமல், வாய்தாவுக்கு முந்தியே தாயைச் சந்திக்க வேண்டும். ஒவ்வொரு உத்தரவும் தமிழில், பேசுகிற தமிழில், அவர் கையில் தரப்பட வேண்டும். சொத்து ஜாமீன் கேட்பது நிற்க வேண்டும். வாய்தா நாளின் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் அரசு தர வேண்டும். வளர்ப்பைப் பற்றிய உபதேசத்தை ஒருவரும் தர வேண்டாம்.

மாணவிகளே, உங்களால் முடிந்தது இன்னும் எளிது. 15100 என்ற எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். கட்டணமில்லாச் சட்ட உதவி எண். உங்கள் தெருவிலோ விடுதியிலோ ஒரு பெண் மகனைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று அழுதுகொண்டு வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். டி.சி.யைத் தேடச் சொல்லுங்கள். அந்த எண்ணை அழையுங்கள். அவரோடு போய் உட்காருங்கள். சகவாசம் சரியில்லையா என்று மட்டும் கேட்காதீர்கள்.

அக்காவோடு நான் முதல்முறை போனது வழக்கு தொடங்கிப் பதினான்காவது மாதத்தில். அதற்குள் அவர் பதினேழு முறை வந்துபோயிருந்தார், பதினேழு நாள் கூலியை இழந்து. அன்று மாலைதான் மாணவியை அழைத்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி வளர்ப்பைப் பற்றியது அல்ல. "என்ன செக்‌ஷன் டீச்சர்? முதல்ல எப்ப ஆஜர்படுத்தினாங்க?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு சொன்னாள்: சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் மூன்று வருடத் தண்டனை. அப்படியென்றால் அது இந்தச் சட்டத்தில் சிறு குற்றம். சிறு குற்றத்தின் விசாரணை நான்கு மாதத்தில் முடிய வேண்டும். நீட்டித்தால் இன்னும் இரண்டு மாதம். அதற்குள்ளும் முடியாவிட்டால் நடவடிக்கை அத்தோடு முடிவுக்கு வந்துவிடும். 14-ஆம் பிரிவு. "அந்த அம்மா எட்டு மாசமா இல்லாத கேஸுக்கு வந்துட்டுப் போயிருக்காங்க டீச்சர்."

ஒரு பக்க மனு. அடுத்த அமர்வில் எல்லாம் முடிந்தது.

வெளியே வந்து அந்தத் தாளை நான் தமிழில் படித்துச் சொன்னேன். அக்கா கேட்டுவிட்டு, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். "இது அப்பவே உங்களுக்குத் தெரியாதா மேடம்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். தெரிந்துகொள்ள எனக்குத் தேவை ஏற்படவில்லை என்பதுதான் உண்மை. பெஞ்சில் இன்னும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.